நூல் போட்ட இலை

மூன்றாவது தடவையும் கோஸ் உருண்டை பிடிக்கவில்லை.

தையல்காரி வேலை முடிந்து வந்ததும் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கொல்லைக்குப் போனாள். செடிகள் தண்டு நீண்டு, உச்சியில் மட்டும் சில இலைகளை விரித்துக்கொண்டு, அளவு தப்பித் தைத்த சட்டை மாதிரி தொளதொளவென்று நின்றன. நடுக்குருத்து இந்நேரம் இறுக மூடியிருக்க வேண்டும். கை வைத்தால் கல்லாக இருக்க வேண்டும். அவள் கை வைத்தாள். பஞ்சாக அமுங்கியது.

"சிலருக்குக் கைராசின்னு ஒண்ணு அமையறதில்லை," என்றார் அவள் புருஷன், தேநீர்க் கோப்பையோடு பின்வாசலில் நின்றபடி. "அதுக்காக மனசை விட்டுடாதே. தையல்ல உனக்கு இருக்கிற கைராசி எத்தனை பேருக்கு இருக்கு சொல்லு?"

எவ்வளவு பதமான பேச்சு. ஆறுதல் சொன்ன மாதிரியும் ஆயிற்று, ஆளைக் குழியில் தள்ளி மண்ணைப் போட்ட மாதிரியும் ஆயிற்று. அவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். எந்தப் பொருளை எந்த வெளிச்சத்தில் வைத்தால் நன்றாகத் தெரியும் என்று கற்றவர். அன்றைக்கு அவளுக்கு அது ஆறுதலாகத்தான் பட்டது. "ஆமாங்க, என் கை அப்படி" என்றுகூடச் சொன்னாள். அதைச் சொன்ன வாயை நினைத்தால் அவளுக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு கோஸுக்கா இத்தனை பாடு, கடையில் கிடைக்காத பொருளா என்று கேட்கலாம். கடையில் மலைமலையாகக் கிடக்கிறது, யார் இல்லை என்றார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது கோஸ் அல்ல, பக்கத்து மனை. கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு வெறும் மனை கிடந்தது. அது எதிர்ச் சாரி மாடி வீட்டில் இருக்கும் நர்சம்மாவுக்குச் சொந்தம். நர்சம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பான மனுஷி. மனையை வண்டி நிறுத்த விடச் சொல்லி ஒரு மெக்கானிக் நடையாய் நடந்துகொண்டிருந்தார். தையல்காரியும் போய்க் கேட்டாள், காய்கறி போடுகிறேன் என்று.

"கொல்லையில ஒரு பாத்தி கோஸ் போட்டுக் காட்டு," என்றார் நர்சம்மா. "கோஸ் ரொம்பப் பிடிவாதக்காரப் பயிர். அதையே உருட்டி எடுத்துட்டேன்னா, மத்த எல்லாம் உன் பேச்சைக் கேக்கும். மனை உனக்குத்தான்."

முதல் தடவை பிடிக்காதபோது, விதை சொத்தை என்று வைத்துக்கொள்வோம் என்றார் நர்சம்மாவே. இரண்டாம் தடவை வெயில்மேல் பழி போட்டார்கள். மூன்றாவதுக்கு நர்சம்மா நாள் குறித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன். அதுக்கு மேல அந்த ஆளை இழுத்தடிக்கிறது நியாயம் இல்லை."

தையல்காரி வேலை பார்ப்பது துணிக்கடையின் பின்னறையில். புதுத் துணி தைக்கிற வேலை இல்லை. வாங்கியவர்களுக்கு நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, பிடித்துத் தைப்பது. ஊரில் யார் பெருத்தார், யார் இளைத்தார் என்று மருத்துவருக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் ஊசிக்குத் தெரிந்துவிடும். கழுத்து பிடித்துக்கொள்கிறது. சாயங்காலத்தில் ஊசியின் காது இரண்டாகத் தெரிகிறது. தோட்ட வேலைக்கும் குனியத்தான் வேண்டும், அது அவளுக்குத் தெரியும். அடுத்தவர் கால்சட்டைக்குக் குனிந்தது போதும், இனிமேல் மண்ணுக்குக் குனிந்து பார்ப்போம் என்றிருந்தது.

அவள் காலையில் வெள்ளெனக் கிளம்பிவிடுவாள் என்பதால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் புருஷன் ஏற்றுக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். "உனக்கெதுக்குச் சிரமம், நான் பாத்துக்கறேன்." தண்ணீர் ஊற்றுவதோடு பழுத்த இலைகளையும் கிள்ளிப் போட்டுவிடுவார், பூச்சி அண்டாமல் இருக்க. கடையில் அவள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். "என் வீட்டுப் பக்கம் வந்து இதைச் சொல்லிடாதேம்மா, என் பிழைப்புக் கெட்டுடும்," என்பார் கட்டிங் மாஸ்டர்.

இந்த மூன்றாவது பயிரில் ஒரு நாள் பேய்க்காற்று அடித்தது. குழாயடிச் செடியில் ஓர் இலை, செடியிலேயே பெரியது, நடுநரம்பை ஒட்டி நீளமாகக் கிழிந்து தொங்கியது. கிள்ளி எறிந்திருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை. இருக்கிறதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து, பச்சை நூல் கோத்து, இலையை மடியில் விரித்துக்கொண்டு சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போட்டாள். கடைசியில் வழக்கம்போல ஒரு சிலுவை முடிச்சு. அவள் தைத்த எதிலும் அந்த முடிச்சு இருக்கும். 'இலைக்குக்கூடத் தையல் போடுகிற பைத்தியம்' என்று தன்னைத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள். இலை பிழைத்துக்கொண்டது; பச்சை மாறாமல் நின்றது.

பிறகு ஒரு நாள் வந்து பார்த்தால் அந்த இலை இல்லை.

"அதுவா," என்றார் புருஷன். "நூல் போட்ட இடத்துல அழுகிப்போச்சு. மத்ததுக்கும் பரவிடும்னு எடுத்துட்டேன். இலைக்கெல்லாம் தையல் போடுவாங்களா?"

அவளுக்குக் குற்றவாளி மாதிரி ஆகிவிட்டது. நல்ல இலையைத் தன் ஊசியாலேயே கொன்றுவிட்டோம் என்று அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புருஷனுக்குக் கொஞ்ச காலமாகக் களிமண் பித்து. பள்ளிக்கூடத்தில் மண் வேலைக்கென்று ஓர் அறையும் சூளையும் உண்டு. களிமண்ணைச் சப்பாத்தி மாதிரி உருட்டி, அதன்மேல் கோஸ் இலையைப் பின்புறம் கீழே படுகிற மாதிரி வைத்து அழுத்துவார். நரம்பெல்லாம் மண்ணில் பதியும். ஓரத்தைச் சுற்றி வெட்டி, இலையை உரித்து எறிந்துவிட்டு, கிண்ணத்தின்மேல் வளைத்துக் காயவைத்து, சுட்டு, பச்சைப் பூச்சுப் பூசினால் இலைத் தட்டு தயார். ஒரு தட்டுக்கு ஓர் இலை. இலைக்கு எங்கே போகிறீர்கள் என்று அவள் ஒரு தரம் கேட்டதற்கு, சந்தையில் கழித்துப் போடுகிற இலையைப் பொறுக்குகிறேன் என்றார். பாவம், இந்த வயதில் குப்பையைக் கிளறுகிறாரே என்று அவள் வருத்தப்பட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கோஸை மறைக்கலாம் போலிருக்கிறது, சாப்பிடுகிறவள் நம்புகிறவளாக இருந்தால்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தட்டுகளுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி. கடையில் சீருடை நெருக்கடி, என்னால் வர முடியாது என்று அவள் முன்னாலேயே சொல்லியிருந்தாள். "அதனால என்ன, வேலைதான் முக்கியம்," என்றார் அவர், வழக்கத்தைவிடச் சற்று வேகமாக. அன்று மத்தியானம் கட்டிங் மாஸ்டர் அவள் முன்னாலிருந்த துணிக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "புருஷனுக்கு மாலை விழுற அன்னிக்கு நீ இங்க பட்டன் தைக்கிறியா? எழுந்து போம்மா." அவள் முகம் கழுவி, தலை சீவி, ஓட்டமும் நடையுமாகப் போனாள். சொல்லாமல் வந்து நின்றால் மனுஷன் எப்படிச் சந்தோஷப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

மண்டபத்துச் சுவர் முழுக்கத் தட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை: 'மௌனம்', 'தாய்மை', 'விடியலை நோக்கி'. எல்லாம் கோஸ் இலைதான். கோஸ் விடியலை நோக்கி என்ன செய்யும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. தட்டுகள் நிஜமாகவே அழகாக இருந்தன, அதை மறுப்பதற்கில்லை. நரம்பும் ஓரச் சுருக்கமும் அப்படியே உயிரோடு இருந்தன.

இரண்டு மூன்று தட்டுகள் தாண்டியதும் கால் மெதுவாயிற்று. இலைகள் ரொம்பப் பெரிதாக இருந்தன. சந்தைக்கு வருகிற கோஸில் இப்படி அகல விரிந்த இலை ஏது? அதையெல்லாம் வயலிலேயே வெட்டி விட்டுவிட்டு உருண்டையைத்தானே மூட்டை கட்டுவார்கள். சந்தைக் கழிவு என்றால் வெளிறி, குழிந்து, கைபட்டால் ஒடிகிற இலை. இப்படி விரிந்த இலை மண்ணில் நிற்கிற செடியில்தான் இருக்கும்.

மண்டபத்துக் கோடியில் அவர் நின்றிருந்தார், நாலு பேர் நடுவில். அவருக்கு எதிரே, கையில் ஒரு தட்டோடு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நர்சம்மா.

"இது என்ன சார், நடுவுல தையல் போட்ட தழும்பு மாதிரி இருக்கு?" என்று நர்சம்மா கேட்டார். வாழ்நாளெல்லாம் தையலும் தழும்பும் பார்த்த கண்.

"அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க," என்றார் வாத்தியார். குரல் கனிந்திருந்தது. "காயம்கூட அழகுதான்னு ஒரு எண்ணம். இயற்கை கிழிக்குது, மனுஷன் தைக்கிறான். ரொம்ப நாளா மனசுல ஊறிக்கிட்டிருந்த கற்பனை."

தையல்காரி எட்டிப் பார்த்தாள். சின்னச் சின்ன ஓட்டுத்தையல், நடுநரம்பை ஒட்டி. கடைசியில் சிலுவை முடிச்சு.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒரு பழமொழி உண்டு. மேய்ந்த வேலி அதோடு நின்றுவிடும். மேய்ந்த இடத்தைக் காட்டி, என் கற்பனை எப்படி என்று கேட்காது.

"அழுகிப்போச்சுன்னு சொன்னீங்களே," என்றாள்.

வாத்தியார் திரும்பினார். மனைவியைப் பார்த்த சந்தோஷம் அந்த முகத்தில் மருந்துக்குக்கூட இல்லை. "அட, வந்துட்டியா? கடையில விட்டாங்களா?"

"நூல் போட்ட இடத்துல அழுகிப்போச்சுன்னு சொன்னீங்களே. எங்க அழுகியிருக்கு? காட்டுங்க."

"மெதுவா பேசு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்லதான் மூணு தடவை பேசியாச்சே. கைராசி, கைராசின்னு." இத்தனை கோபத்திலும் வாயில் 'நீங்க' என்றுதான் வந்தது; கடைக்கு வருகிற வாடிக்கையாளரிடம் பேசுகிற 'நீங்க'. அவள் நர்சம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை எங்க கொல்லைக்கு வந்து பாக்கறேன்னீங்க. அங்க ஒண்ணும் இல்லைம்மா. இங்கயே பாத்துடுங்க. என் பயிர் முழுக்க இந்தச் சுவர்லதான் இருக்கு."

அவள் நர்சம்மாவின் கையைப் பிடித்து முதல் தட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். "இது சுவரோரச் செடி. வெயிலுக்காக ஒரு பக்கமாவே சாஞ்சு வளந்துச்சு, பாருங்க, நரம்பெல்லாம் ஒரே பக்கம் இழுக்குது. இது போன பயிர்ல, கம்பி உரசி ஓரம் மடங்கினது. மடக்கு அப்படியே விழுந்திருக்கு. இதுக்கு 'மௌனம்'னு பேர் வெச்சிருக்கார். இது நான் உரம் வெச்சப்போ கரண்டி பட்டுக் காயமானது. இது, இது, அதோ அது." சுவர் நீளத்துக்கும் அவள் போனாள். மூன்று பயிரும் அங்கே வரிசையாகப் பச்சைப் பூச்சில் மின்னிக்கொண்டிருந்தன.

வாத்தியார் பின்னாலேயே வந்தார். "என்னமோ கொலைக் குத்தம் மாதிரி பேசறே. மேல் இலைதானே எடுத்தேன்? கோஸ் நறுக்கறப்ப நீயே முதல்ல அதை உரிச்சுக் குப்பையில போடறே. குப்பைதானேன்னு எடுத்தேன். உள்ள இருக்கற உருண்டையை நான் தொட்டேனா?"

"உருண்டை எங்கேருந்து வரும்?" அவள் குரல் மண்டபத்தின் கடைசி வரை போயிற்று. "அந்த மேல் இலைதான் வெயிலைக் குடிச்சு உள்ளே ஊட்டுது. தாயைக் கொன்னுட்டுப் பிள்ளையைத் தொடலைங்கறீங்க. கேட்டிருந்தா அறுக்கிற அன்னிக்கு மொத்த இலையும் உங்களுக்குத்தானே? ஒரு வார்த்தை கேக்க முடியலையா?"

"அறுக்கற வரைக்கும் விட்டா பூச்சி தின்னு ஓட்டை விழுந்துடும். இளசாத்தான் நல்லாப் பதியும். எனக்கு இதெல்லாம் தெரியுமா, நான் என்ன விவசாயியா?"

"சரி, தெரியாது. முதல் தடவை தெரியாது. என் கைராசி சரியில்லைன்னு சொன்னீங்களே, அப்பவும் தெரியாதா?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் அவருக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

"ரெண்டாவது தடவை கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு," என்றார். "ஆனா கண்காட்சிக்குத் தேதி குறிச்சாச்சு."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வரவில்லை. உள்ளங்கை மட்டும் ஜிவ்வென்று சுட்டது. அந்தக் கையைத்தான் அவள் இத்தனை நாளும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது விளங்காத கை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மனையைக் குடுங்கம்மா," என்றாள் நர்சம்மாவிடம். "இலையைப் பாருங்க. இப்படி இலை விட்ட செடி உருண்டை பிடிக்காமப் போகுமா? இன்னொரு தடவை போட்டுக் காட்டறேன்."

நர்சம்மா கையிலிருந்த தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தார். வைத்த வேகத்தில் அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "நேத்தே மெக்கானிக்குக்கு வாக்குக் கொடுத்துட்டேனே," என்றார். "உன் வீட்டுக்காரர்தான் என் வீடு தேடி வந்தார். இந்தத் தடவையும் பிடிக்கலை, ஞாயித்துக்கிழமை நீங்க வந்து பாத்தா அவ மனசு உடைஞ்சிடும், வர வேண்டாம்னார். எவ்வளவு நல்ல புருஷன்னு நினைச்சேன். உன்னை ஒரு வார்த்தை கேக்காம விட்டேன் பாரு, அது என் தப்பு. சொன்ன சொல்லை எப்படி மாத்தறதுன்னு தெரியலையே."

நர்சம்மா வந்து பார்த்திருந்தால் தண்டில் வரிசையாக வெட்டுத் தழும்பு இருப்பதைப் பார்த்திருப்பார். தழும்பு பார்க்கத் தெரிந்தவர் ஆயிற்றே. அதற்குத்தான் வாத்தியாருக்கு அந்தக் கரிசனம்.

தையல்காரி மேஜைமேலிருந்த தட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"அதை ஒருத்தர் கேட்டு வெச்சிருக்கார்," என்றார் வாத்தியார் ஈனமான குரலில்.

"தையல் என்னுது," என்றாள். அதோடு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அட்டையில் உன் பேரையும் போடுகிறேன் என்றார். அடுத்த கண்காட்சியை உனக்கே காணிக்கையாக்குகிறேன் என்றார். கலைஞனின் மனசு யாருக்கும் புரிவதில்லை என்று ஒரு கட்டத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அவள் தட்டைச் சமையலறை அலமாரியில் கண்ணுக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டு, கோபம் தீர வெங்காயம் நறுக்கினாள். தீரவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து மனையில் கான்கிரீட் போட ஆரம்பித்தார்கள். கலவை இயந்திரம் காலையிலிருந்தே கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்தது. தையல்காரி அன்று கடைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, பழைய செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுக் கோஸ் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அரைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நட்டாள். அந்த மண்ணின்மேல் விழுகிற ஒவ்வொரு சட்டிக் கலவையும் அவள் வயிற்றில் விழுந்தது.

வாத்தியார் பழக்க தோஷத்தில் பூவாளியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். கம்பிக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. அவள் வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

"கதவைத் திற. தண்ணியாவது ஊத்தறேன்," என்றார் கம்பிக்குப் பின்னாலிருந்து.

"வேண்டாம்."

"எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பே? நான் என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்."

அவள் கையிலிருந்த நாற்றை நட்டு, சுற்றி மண்ணை அணைத்தாள். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"நூல் போட்ட இடம் அழுகிச்சா?"

அவர் பூவாளியைக் கீழே வைத்தார். "இல்லை," என்றார்.

"கேக்கலை. இந்த மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை."

"அழுகலை."

"யார் கைராசி சரியில்லை?"

"உன் கை நல்ல கைதான். நான்தான் எடுத்தேன்." அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இயந்திரத்துக்கு மேலே கேட்கிற மாதிரி கத்த வேண்டியிருந்தது. "அழுகலை. நான்தான் எடுத்தேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் கலவை இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். என்ன கூச்சல் என்று மெக்கானிக் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். எதிர்ச் சாரி மாடியில் நர்சம்மா துணி உலர்த்துவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரி அடுத்த நாற்றைக் கையில் எடுத்தாள்.

"இப்ப சத்தம் நின்னுடுச்சு," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."